தலை முன்னால் வந்தால் அவுட்

அம்பயர் மாமியை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய முகமூடிதான். முகம் பிறகுதான் வரும். கறுப்புக் கம்பி போட்ட அந்த முகமூடிக்குள் ஒரு குங்குமப் பொட்டு இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது அது நெற்றி நடுவில் வட்டமாக நிற்கும். முடியும்போது வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருக்கும். தாலிக்கொடியை ஊசியால் சட்டைக்குள் குத்தி, அதன்மேல் நெஞ்சுக்கவசம் கட்டி, கையில் ஹோம் பேஸைத் துடைக்கும் சின்னத் தூரிகையோடு, பந்து பிடிக்கும் பிள்ளைக்குப் பின்னால் அவர் குந்தியிருப்பார். டென்மார்க்கின் சில்க்போர்க் ஏரிக்காற்றில் அந்த உருவத்தைப் பார்க்கும் வெளியூர் டேனிஷ் பெற்றோர் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். எங்கள் ஆட்களிடம் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. “உவவுக்கு வீட்டில சமையல் இல்லையோ?” என்று அவர் காதில் விழும்படியே கேட்பார்கள்.

அவர் எனக்கு எந்த வழியிலும் மாமி இல்லை. அந்தக் குடியிருப்பில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லாத் தமிழ்ப் பெண்களும் மாமிகள்தான். இவர் மட்டும் அம்பயர் மாமி. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான பேஸ்போல் கழகம் ஒன்று எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்தது. டேனிஷ் பிள்ளைகளில் பெரும்பாலோர் உதைபந்துக்கும் கைப்பந்துக்கும் போய்விட, பயிற்சியாளர் கிர்ஸ்தன் ஆள் தேடி எங்கள் கதவுகளைத் தட்டினார். எங்கள் பெற்றோருக்கு பேஸ்போல் என்றால் என்னவென்று தெரியாது. பிள்ளைகள் வீட்டுக்குள் கத்தாமல் இருந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நடுவர் பயிற்சிக்கு ஒரு பெற்றோர் வேண்டும் என்று கிர்ஸ்தன் கேட்டபோது, மற்றவர்கள் எல்லோரும் சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்குக் குனிந்துவிட்டார்கள். மாமி மட்டும் குனியவில்லை. அவருடைய மகனும் அப்போது அணியில் இருந்தான். அவன் இரண்டு கிழமையில் உதைபந்துக்கு ஓடிவிட்டான். மாமி நின்றுவிட்டார்.

வார நாட்களில் அவர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அங்கே கிழவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய பொறுப்பு. வழுக்கும் விரிப்பு, அவிழ்ந்த செருப்பு, ஈரத் தரை என்று எட்டு மணிநேரம் தேடிவிட்டு, அந்தக் கண்ணைக் கழற்றி வைக்காமலே மைதானத்துக்கு வந்துவிடுவார். “விழுறதெண்டாலும் ஒழுங்கா விழோணும்” என்பார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோயில் குருக்களின் ராகம் வந்துவிடும்.

ஆட்டத்துக்கு முன் நாங்கள் வரிசையில் நிற்போம். அவர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றோடு வருவார். சங்கிலி, தோடு, காப்பு, கோயிலில் கட்டிய நூல் எல்லாம் அதற்குள் போகவேண்டும். கழலாத தோட்டின்மேல் பிளாஸ்டர் ஒட்டுவார்.

“அம்மன் கோயில் நூல் மாமி. கழட்டினால் அம்மா ஏசுவா.”

“பேஸில மாட்டி விரல் போனால் அம்மன் வந்து தைச்சு விடுவாவோ? போடு டப்பாவுக்குள்ள.”

பள்ளிக்கூடத்தில் நாங்கள் விளையாடிய பந்தாட்டத்தில் ஆட்டமிழந்த பிள்ளையைப் பார்த்து டேனிஷில் “நீ செத்தாய்” என்று கத்துவது வழக்கம். டேனிஷ் பிள்ளைகளின் நாக்கில் அது சாதாரணமாக வரும். மாமியின் மைதானத்தில் அந்தச் சொல்லுக்குத் தடை. யாராவது வாய் தவறிச் சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். “இங்க ஒருத்தரும் சாகிறேல்லை. அவுட். அவ்வளவுதான். போய் இருந்து தண்ணி குடி.”

அவருடைய மிகப் பெரிய எதிரி எங்கள் அப்பாக்கள். எல்லோரும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்த் தரிப்பிடத்தில் எங்களை நிறுத்தி பேஸ்போல் சொல்லித் தந்தார்கள். அதாவது, கிரிக்கெட் சொல்லித் தந்தார்கள். பந்தை அடி, மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடு, கடைசியில் மட்டையை நீட்டித் தலைகுப்புறப் பாய். விளைவு, மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் பாரமான மட்டையை இழுத்துக்கொண்டு முதல் பேஸுக்கு ஓடி, அதைக் கோடரி மாதிரிப் பேஸில் கொத்தினார்கள். அங்கே நின்ற எதிரணிப் பிள்ளை பயந்து பேஸை விட்டே ஓடும். முகமூடிக்குள்ளிருந்து “மட்டை! மட்டை! மட்டையைப் போடு!” என்ற அலறல் கேட்கும். வேலிக்கு வெளியே அப்பாக்கள், “விடாதை! கொண்டு ஓடு!” என்பார்கள்.

மட்டைப் பழக்கம் ஒரு கோடையில் ஓய்ந்தது. தலைகுப்புறப் பாயும் பழக்கம் ஓயவில்லை. எங்கள் வயதுக்குச் சட்டம் தெளிவாக இருந்தது. அடுத்த பேஸை நோக்கி ஓடுகிறவர் சறுக்குவதென்றால் கால் முன்னால் வரவேண்டும். தலை முன்னால் வந்தால் அவுட். எதிரணிப் பிள்ளை பந்தோடு காத்து நின்றால் சறுக்கவேண்டும், அல்லது விலகி ஓடவேண்டும், மோதினால் அவுட். வேறு நடுவர்கள் இதைக் கண்டும் காணாமல் விடுவார்கள். மாமி விடமாட்டார். “கால் முறிஞ்சால் கட்டலாம். கழுத்து முறிஞ்சால் நான் ஆருக்குப் பதில் சொல்லுறது?” என்பார். பாய்ந்த பிள்ளை பேஸைத் தொட்டுப் புழுதியிலிருந்து சிரித்துக்கொண்டு தலையை நிமிர்த்தும்போது, முகமூடி அதற்குமேல் வந்து நிற்கும், கை உயரும். “தலை முன்னால. அவுட்.”

இந்த வியாதி மைதானத்தோடு நிற்கவில்லை. கோயில் தேர்த்திருவிழாவில் ஆண்கள் தேருக்குப் பின்னால் பிரதட்டை உருளும்போது, மாமி முன்னால் நடந்து கல் பொறுக்குவார். அத்தோடு விட்டாலும் பரவாயில்லை.

“தம்பி, தாடையை நெஞ்சோட வைச்சு உருளுங்கோ.”

“என்ன அக்கா, கும்பிடுறதுக்கும் சட்டமோ?”

“கும்பிடுங்கோ. கழுத்தைத் திருப்பாமல் கும்பிடுங்கோ.”

சிதறு தேங்காய் உடைக்கிறவருக்கு முன்னால் கையை விரித்து நின்று சனத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அவர்தான். சாமியே தேரிலிருந்து இறங்கி நடந்திருந்தாலும் படியில் வழுக்கும் என்று சொல்லியிருப்பார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பை இலங்கையில் நடந்த சண்டை நிறுத்தியது. அம்மாவின் படிப்பை அம்மாவின் அப்பா நிறுத்தினார். என்னுடையதை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஓர்ஹூஸ் நகரில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கினேன். அங்கே பெரிய பேராசிரியர்கள் சட்டத்தின் நோக்கம் பற்றி விளக்கும்போதெல்லாம் என் மனதில் வந்து நின்றது பொட்டுக் கரைந்த அந்த மூக்கு. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சண்டை முடிந்த வருடம் எனக்குப் பதினொரு வயது. அந்த வசந்தத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணைக்கப்படவில்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, புருசனோடும் மூன்று பிள்ளைகளோடும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமல் திரைக்கு முன்னால் இருப்பார். எல்லா வீடுகளிலும் அப்படித்தான்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் அந்த நாட்களில் நித்திரை கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு கவலை: டேனிஷ் பத்திரிகைகள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்வலம் போனோம், மெழுகுவர்த்தி கொளுத்தினோம், மழையில் நின்றோம். ஒரு படமும் வரவில்லை. பிள்ளைகளை முன்னால் விட்டால் கமரா வரும் என்று தலைவர் கண்டுபிடித்தார். தெருவின் நடுவில், மழைக்குள், எங்களை வரிசையாக இருத்தினார். தலைவரின் இளைய மகன் மட்டும் சளி, தடிமன் என்று காருக்குள் இருந்தான். கொஞ்ச நேரத்தில் மாமி வந்து ஒவ்வொருவராகக் கையில் பிடித்து எழுப்பி, தொப்பியை இழுத்துவிட்டு, நடைபாதையில் பெரியவர்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“தங்கச்சி, பிள்ளையள் முன்னுக்கு நிண்டால்தான் எடுபடும்,” என்றார் தலைவர்.

“அது கார் போற றோட்டு அண்ணை. முன்னுக்கு நீங்கள் நில்லுங்கோ. நீங்கள் நல்ல உயரம்.”

சனம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

அந்த மே மாதத்தில்தான் கிண்ணத்துக்கான ஆட்டம் வந்தது. கோல்டிங் பக்கமிருந்து வந்த அணியோடு எங்கள் மைதானத்தில். அதுவரை பேஸ்போலைத் ‘தடிப் பந்து’ என்று நக்கலடித்த தலைவருக்குத் திடீரென்று அதில் அன்பு வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் பயிற்சிக்கு நின்ற ஓர் இளைஞனைப் பிடித்து, வென்ற அணியைப் படம் எடுப்பதாக ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். எங்கள் அணியில் முக்கால்வாசி தமிழ்ப் பிள்ளைகள். வென்றதும் நாங்கள் பிடிக்கவேண்டிய பதாகை அவருடைய காருக்குள் சுருட்டித் தயாராக இருந்தது. ‘எங்கள் மக்களைக் காப்பாற்றுங்கள்’ என்று டேனிஷில், இரண்டு எழுத்துப் பிழையோடு.

காலையில் அப்பா என் தலைமுடியைத் தானே பின்னிவிட்டார். அவர் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. “படம் வந்தால் ஆராவது மந்திரி பாப்பார், பிள்ளை. பாத்தால் ஒரு போன் எடுப்பார். அத்தையாக்களை வெளியில விடுவாங்கள்,” என்றார். ஒரு பேஸ்போல் கிண்ணத்துக்கும் வன்னிக்கும் நடுவில் அப்பா கட்டிய பாலம் அது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவேண்டும்.

கடைசிச் சுற்றில் இரண்டு அணியும் சமமாக நின்றன. சமமாக முடிந்தால் கிண்ணம் போன வருடம் வென்ற அவர்களிடமே திரும்பிப் போகும். எங்களுக்கு இன்னும் ஒரு பிள்ளை அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். மூன்றாவது பேஸில் நான் நின்றேன்; அடுத்ததான ஹோம் பேஸைத் தொட்டுவிட்டால் வெற்றி எங்களுக்கு. அணியில் என்னைவிட வேகமாக ஓடியவர் கிடையாது. இது பெருமைக்குச் சொல்வதில்லை, உண்மை அதுதான். பந்து அடிபட்டு நிலத்தோடு உருண்டது. நான் புறப்பட்டேன். பாதி வழியில் பந்து என்னைக் கடந்து போவது தெரிந்தது. கார்த் தரிப்பிடத்தில் அப்பா சொல்லித் தந்ததெல்லாம் உடம்புக்கு வந்தது. கையை நீட்டித் தலைகுப்புறப் பாய்ந்தேன். என் விரல் ஹோம் பேஸில் பட்டது. அதற்குப் பிறகுதான் பந்து என் தோளில் பட்டது. நான் வென்றுவிட்டேன்.

புழுதி அடங்கியது. மேலே முகமூடி நின்றது.

“தலை முன்னால. அவுட்.”

தலைவர் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். பின்னால் அப்பாக்கள் எல்லோரும் வந்தார்கள்.

“என்ன தங்கச்சி நடக்குது? பிள்ளையின்ர கைதானே முதல் பட்டது!”

“ஓம் அண்ணை. கை முதல்தான் பட்டது. ஆனால் தலை முன்னால வந்தது. இந்த வயசுக்கு அது அவுட்.”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “பேப்பர்காரன் நிக்கிறான். ஒரு படம், தங்கச்சி. ஒரே ஒரு படம். அங்க சனம் சாகுது.”

“எனக்கும் அங்க ஆக்கள் இருக்கினம்.”

“இருந்துமோ இப்பிடி நிக்கிறியள்? அங்க எங்கட பிள்ளையள் நெஞ்சைக் குடுத்து நிக்குதுகள். இங்க ஒரு பிள்ளை தலையைக் குடுத்து ஓடி வந்தால் நீங்கள் அவுட் எண்டுறியள்!”

மாமி முகமூடியைக் கழற்றினார். பொட்டு ஏற்கெனவே கரைந்திருந்தது.

“அங்கயும் ஆராவது ஒராள் நிண்டு அவுட் எண்டு சொல்லியிருக்கோணும் அண்ணை. சொல்லிப் பிள்ளையளை வீட்டை அனுப்பியிருக்கோணும்.”

அந்த மாதத்தில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. “துரோகி” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கிர்ஸ்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பிக் கோப்பையோடு எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பத்திரிகைப் பையன் கமராவைத் தூக்கினான்.

அப்போது என் அப்பா முன்னால் வந்தார். அவர் சத்தம் போடும் மனிதர் இல்லை. “அக்கா, பிள்ளை பாயேல்லை. தடக்கி விழுந்தவள். தடக்கி விழுந்தால் அவுட் இல்லைத்தானே?”

மாமி யோசித்தார். “தடக்கினால் அவுட் இல்லை. நான் கண்டது பாஞ்சதைத்தான். ஆனால் ஒரே புழுதி. கால் தடக்கினதோ எண்டு அவளுக்குத்தான் தெரியும். அவள் சொல்லட்டும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். அவர் உதடு ‘தடக்கி’ என்று சத்தமில்லாமல் அசைந்தது. அந்த ஒரு சொல்லில் கிண்ணம் இருந்தது, படம் இருந்தது, அப்பாவின் கணக்கில் அத்தையும் இருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் கோல்டிங் அணியில் பந்து பிடித்த பிள்ளை, மஞ்சள் பின்னல்காரி, என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒழுங்காக ஓடத் தெரியாமல் கால் தடக்கி விழுந்தவள் என்று அவள் ஊருக்குப் போய்ச் சொல்வாள்.

“நான் தடக்கேல்லை,” என்றேன். “பாஞ்சனான்.”

“அப்ப அவுட்,” என்றார் மாமி.

நான் உண்மை பேசினேன் என்று கிர்ஸ்தன் பிறகு என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். அதில் உண்மைக்கு என்ன வேலை? எங்கள் அணியில் தடக்கி விழுகிற பிள்ளைகள் இருந்தார்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை, அவ்வளவுதான். வீடுவரை அப்பா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார்.

பத்திரிகையில் படம் வந்தது. கையை உயர்த்தி நிற்கும் மாமி, பின்னால் வாயைப் பிளந்தபடி தலைவர். ‘சின்னப் பிள்ளைகளின் ஆட்டம், பெரியவர்களின் சூடு’ என்று கீழே எழுதியிருந்தார்கள். வன்னி பற்றி ஒரு சொல் இல்லை. பதாகை காருக்குள்ளேயே கிடந்தது.

‘அவ நிக்கிற மைதானத்தில எங்கட பிள்ளையள் நிக்காது’ என்று சங்கம் முடிவு எடுத்தது. அடுத்த கிழமை சண்டை முடிந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு விதமாக அழுகை கேட்டது என்பதோடு விடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமையும் எங்களுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரும் போகவில்லை. நான் சைக்கிளில் மைதானத்தைச் சுற்றிப் போனேன். கடைக்குப் போகும் வழி அதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மாமி முழுக் கவசத்தோடு வந்திருந்தார். யாரும் மிதிக்கப்போகாத ஹோம் பேஸைத் தூரிகையால் சுத்தமாகத் துடைத்தார். கிர்ஸ்தனோடு மூன்று டேனிஷ் பிள்ளைகள் நின்றார்கள். எதிரணி வரிசையில் நின்றது. சட்டப்படி காத்திருக்கவேண்டிய நேரம் முழுவதும் காத்திருந்து, கடிகாரத்தைப் பார்த்து, வந்த அணி வென்றதாக அறிவித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்தார். அழுது வீங்கிய கண்களோடு ஓர் ஆள் இவ்வளவு ஒழுங்காகத் தோல்வி அறிவித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திரும்பியவர் என்னைக் கண்டார். ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

“ஹெல்மெட் வார் பூட்டேல்லை!”

ஆடி மாதம் முகாமிலிருந்து அத்தையின் தொலைபேசி வந்தது. மூத்த மகன் இல்லை. அவனுக்குப் பதினாறு வயது. கடைசி மாதங்களில் சண்டைக்கென்று இயக்கம் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனதாம். அப்பா தொலைபேசியை வைத்தார். “அண்டைக்கு அவ சொன்னது...” என்று தொடங்கினார். அந்த வசனத்தை அவர் இன்றுவரை முடிக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சங்கத்தின் முடிவை யாரும் மாற்றவில்லை, எல்லோரும் மறந்துவிட்டார்கள். வீட்டுக்குள் பிள்ளைகள் கத்தும் சத்தம் தாங்கவில்லை. முதலில் நான் போனேன். கடைசியாக வந்தவர் தலைவர், இளைய மகனைக் கையில் பிடித்துக்கொண்டு. சண்டையில் சேராமல், ஊர்வலத்தில் நனையாமல், தடிமன் என்று காருக்குள் வைத்து ஒன்பது வயதுவரை வளர்த்தெடுத்த மகன்.

“தங்கச்சி,” என்றார், மாமியின் முகத்தைப் பார்க்காமல். “நீங்கள்தானே அம்பயரா நிப்பியள்?”

“ஓம்.”

“இல்லை... பெடியன் கொஞ்சம் துடியாட்டம். மற்ற அம்பயர்மார் உதுகளைக் கவனிக்கிறேல்லை எண்டு கேள்விப்பட்டன்.”

“சங்கிலியைக் கழட்டச் சொல்லுங்கோ,” என்று மாமி ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டினார்.

முதல் ஆட்டத்திலேயே அது நடந்தது. அவன் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸைத் தாண்டி இரண்டாவது பேஸுக்கு ஓடினான். அங்கே எதிரணியின் பெரிய பையன் ஒருவன் முழங்காலை மடித்துப் பந்துக்குக் காத்திருந்தான். தலைவரின் மகன் கையை நீட்டி, அந்த முழங்காலை நோக்கித் தலையால் பாய்ந்தான். மாமி வாய் திறப்பதற்கு முன்பே வேலியிலிருந்து ஓர் அலறல் வந்தது.

“அவுட்! தங்கச்சி, அவுட்! அவுட் குடுங்கோ!”

மைதானம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பையன் புழுதியைத் துப்பிக்கொண்டு எழும்பினான். மாமி ஓடிப்போய் அவன் கழுத்தை ஒரு பக்கமும் மறுபக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் போய் முகமூடியைத் தூக்கினார்.

“அண்ணை, தீர்ப்புச் சொல்லுறது நான். வெளியில நிண்டு சத்தம் போடக்கூடாது. வேலியை விட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கோ.”

தலைவர் போனார். மரத்தடியில், இரண்டு கையாலும் தன்னுடைய கழுத்தையே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அங்கே போய் நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மாமி கையை உயர்த்தினார்.